குடிபெயர்ந்தோர் கட்டிய பந்தாட்டக் கழகம்

சென்ற ஆண்டு நம் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சிறு சலசலப்பு நடந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து, "ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐவர் கால்பந்து ஆடுகிறோம். இதை ஒரு கிளப்பாக ஆக்கலாம் என்று நினைக்கிறோம். சங்கம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும்" என்று கேட்டார்கள். பந்து, சீருடை, மைதான வாடகை, இவ்வளவுதான் கேட்டது. உடனே ஒருவர், "சங்கத்துக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். இன்னொருவர், "தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றால் கொடுக்கலாம். ஊரார் பிள்ளைக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்றார்.

ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது ஆள் வேறு யாருமில்லை, அடியேன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு சரியில்லை. பாத்திரக்கடைக் கணக்கைப் பார்ப்பதோடு நாலு பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கொல்கத்தாவில் சோறு தின்கிறோம், இந்த ஊரில் ஒரு பந்தாட்டக் கழகம் எப்படித்தான் தோன்றுகிறது என்று பார்ப்போமே என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கதை. அதைப் படித்து முடித்தபோது, கூட்டத்தில் நான் பேசியது தவறு என்று எனக்கே தோன்றிவிட்டது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கழகம் என்ற சொல்

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கழகம் என்றால் இன்று நமக்குக் கட்சியும் கல்லூரியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருக்குறளில் சூது அதிகாரத்தில் இந்தச் சொல் சூதாடும் இடத்தையே குறிக்கிறது. பிற்காலத்தில் அதே சொல் கற்றோர் கூடும் அவையையும் குறித்தது. ஆக நாலு பேர் கூடும் இடம் நல்லதாவதும் கெட்டதாவதும் கூடுகிறவர்கள் கையில் இருக்கிறது. சொல்லின் வரலாறே இதைச் சொல்லிவிடுகிறது.

1920: உட்கார வைக்கப்பட்ட ஒரு ஆட்டக்காரர்

பர்ரா பஜாரிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் ஜோராபாகான் இருக்கிறது. அந்தப் பேட்டையின் பெயரிலேயே அந்தக் காலத்தில் ஒரு கிளப் இருந்தது. 1920 ஜூலை 28 அன்று கூச் பிஹார் கோப்பை ஆட்டத்தில் அந்த அணி மோகன் பாகானை எதிர்கொண்டது. மோகன் பாகான் அப்போதே பெரிய பெயர். 1889-இல் தோன்றி, 1911-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்த கழகம் அது.

இப்படிப்பட்ட பெரிய ஆட்டத்தில் ஜோராபாகான் தன் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸைக் களத்தில் இறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் உட்கார வைத்தார்கள் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் நம்பினார்கள்.

கிளப்பின் துணைத் தலைவராக இருந்தவர் சுரேஷ் சந்திர சௌத்ரி. அவரும் கிழக்கு வங்காளத்து ஜமீன்தார்தான். "அவரை ஆட விடுங்கள்" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அவர் விலகினார். ராஜா மன்மதநாத் சௌத்ரி, ரமேஷ் சந்திர சேன், அரவிந்த கோஷ், ஆட முடியாமல் போன சைலேஷ் போஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். (இந்த அரவிந்த கோஷ் வேறு, நம் புதுச்சேரி அரவிந்தர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நாலே நாளில், 1920 ஆகஸ்ட் 1 அன்று, புதிய கழகம் பிறந்துவிட்டது. பெயர் ஈஸ்ட் பெங்கால், அதாவது கிழக்கு வங்காளம்.

எங்கள் சமண மரபில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முழு உண்மை என்று சொல்லாதே என்பது அதன் சாரம். அந்த முறைப்படி பார்த்தால், இன்று நாம் கேட்பது பிரிந்து போனவர்கள் சொன்ன பக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு ஆட்டத்தில் ஒருவரை நிறுத்திவைக்க அணித்தலைவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். கேட்டவர்களுக்கு ஒழுங்கான காரணம் சொல்லியிருந்தால், அந்தக் காயம் இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது.

அவர்களும் நம்மைப் போலத்தான்

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அன்று வங்காளம் ஒரே மாகாணம்தான். டாக்கா, மைமன்சிங், பரிசால் பக்கத்திலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். மெஸ் வீடுகளில் ஒரு அறைக்கு நாலு பேர் என்று தங்கினார்கள். பேசியதும் வங்காளிதான். ஆனால் உச்சரிப்பு வேறு, சமையல் வேறு. ஊர்க்காரர்கள் அவர்களை 'பாங்கால்' என்று கேலி செய்தார்கள். இவர்கள் பதிலுக்கு ஊர்க்காரர்களை 'கோட்டி' என்றார்கள். மொழி ஒன்று, மாகாணம் ஒன்று, இருந்தும் வந்தேறி என்ற பார்வை. அப்படியிருக்க, வேறு மொழி பேசி வந்த நமக்கு 'மதராஸி' என்ற பட்டம் கிடைத்ததில் ஆச்சரியம் என்ன?

பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடிப் பாட்டுக் கேட்டுச் சாப்பிட்டுப் போகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் வளர்வது இந்தத் தெருவில், இந்த ஊர்ப் பிள்ளைகளோடு. தெருவில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் விளையாட்டில்தான் முடிவாகிறது. "நீ ஓரமா நில்லு" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது வீட்டுக்கு வந்து சொல்லாது. மனசுக்குள் வைத்துக்கொள்ளும். 1920-இல் சைலேஷ் போஸுக்கு நடந்தது இதுதான்.

என்னென்ன வைத்துக் கட்டினார்கள்

கோபத்தில் பிரிந்து போகிறவர்கள் பலர். போன பிறகு ஒரு நிறுவனத்தைக் கட்டுகிறவர்கள் சிலர். அவர்கள் கட்டிய முறையை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தேன்.

முதல் வேலையாக, ஊரே மதிக்கும் ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். சாரதா ரஞ்சன் ராய் முதல் தலைவரானார். கல்லூரி முதல்வர், வங்காளத்தில் கிரிக்கெட்டை வளர்த்த முன்னோடி. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திர கிஷோருக்கு இவர் அண்ணன். மைமன்சிங் பக்கத்துக் குடும்பம். பணக்காரர் ஒருவரைத் தலைவராகப் போட்டிருக்கலாம், ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் படிப்பும் விளையாட்டும் அறிந்த பெரியவரைத்தான் முன்னால் நிறுத்தினார்கள்.

இரண்டாவது, ஓடியாடி வேலை பார்க்க ஒருவருக்கு இருவராக இணைச் செயலாளர்களை வைத்தார்கள். சுரேஷ் சந்திர சௌத்ரி ஒருவர், தரித் பூஷண் ராய் இன்னொருவர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கிளப்புக்கும் காய்ச்சல் வரக் கூடாது அல்லவா?

மூன்றாவது சீருடை. இதற்கு ஒரு சுவையான கதை சொல்வார்கள். சௌரங்கியில் வைட்டவே லெய்ட்லா என்று பெரிய வெள்ளைக்காரக் கடை இருந்தது. அங்கே தொங்கிய சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை இவர்கள் கண்ணில் பட்டது. விலை 80 ரூபாய். அந்தக் காலத்து 80 ரூபாய்! ஆனாலும் வாங்கிவிட்டார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அந்த இரண்டு நிறம் மாறவில்லை. இன்றும் ஆட்ட நாளில் டிராம் ஜன்னலில் அந்த நிறக் கொடி பறப்பதைப் பார்க்கலாம்.

நான்காவது பயிற்சிக்கு இடம். சொந்த மைதானம் இல்லை. வட கொல்கத்தாவில் குமார்துலி பூங்காவில்தான் ஆரம்பித்தார்கள். துர்க்கை பொம்மை செய்யும் குயவர்கள் வாழும் அதே குமார்துலிதான். பிற்காலத்தில் மைதான் வெளியில் இடம் கிடைத்தபோது, பரம எதிரியான மோகன் பாகானோடு ஒரே களத்தைப் பங்கிட்டுக்கொண்ட காலமும் உண்டு. எதிரியோடு மைதானத்தைப் பங்கு போடலாம், கோல் கம்பத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது!

சின்ன ஆட்டத்தில் முதல் வெற்றி

இனி வருவதுதான் என்னைத் திடுக்கிட வைத்த செய்தி. இவ்வளவு பெரிய கழகத்தின் முதல் போட்டி பதினொருவர் ஆட்டமே அல்ல. கழகம் பிறந்த அதே ஆகஸ்ட் மாதம், ஷியாம் பூங்காவில் ஹெர்குலீஸ் கோப்பை என்று ஒன்று நடந்தது. அது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. ஆகஸ்ட் 11 அன்று முதல் ஆட்டத்தில் மெட்ரோபாலிடன் கல்லூரி அணியை 4-0 என்று வென்றார்கள். அந்தக் கோப்பையையும் எடுத்தார்கள். கழகத்துக்குப் பத்து நாள்தான் வயது!

சின்னக் களத்தில், சின்ன அணியோடு ஆடுவது ஏதோ பிள்ளை விளையாட்டு என்று நான் எண்ணியிருந்தேன். அது தப்பு. அதனால் நம் பிள்ளைகள் ஆடும் ஐவர் ஆட்டத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பலருக்கு அது என்னவென்று தெரியாது.

இதற்கு ஃபுட்சால் என்று பெயர். 1930-இல் தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகர் மோண்டேவீடியோவில், ஒய்.எம்.சி.ஏ.-வில் பயிற்சியாளராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பவர் இதை வகுத்தார். அதே ஆண்டில்தான் அந்த நாடு முதல் உலகக் கோப்பையை வென்றது. பிள்ளைகளுக்கெல்லாம் கால்பந்துப் பைத்தியம். மழையானாலும் வெயிலானாலும் கூரைக்கடியில் ஆட ஒரு வழி வேண்டும் என்று அவர் இதைச் செய்தார்.

அணிக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர். சர்வதேசக் களம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பந்து சற்றுச் சிறியது, அதிகம் துள்ளாது. அதனால் தூக்கி அடிப்பதில் பயனில்லை. காலோடு ஒட்டி வைத்து, சட்டென்று அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. பந்து வெளியே போனால் கடிகாரமும் நிற்கும். ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே ஐந்து பேர் ஆட்டம் என்றாலும் பத்துப் பேருக்கு மேல் வேலை இருக்கிறது. பந்து ஒவ்வொருவர் காலுக்கும் அடிக்கடி வரும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை கூட ஓரமாக நிற்க முடியாது. எனக்கு இதில் பிடித்தது இதுதான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இப்போது நகரமெல்லாம் வலை கட்டி, பச்சைச் செயற்கைப் புல் விரித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களே, அதில் ஆடுவது ஐவர் கால்பந்து. முறையான ஃபுட்சால் வழுவழுப்பான கெட்டித் தரையில் நடக்கும், எல்லைக்கோடும் உண்டு. சுவரிலோ வலையிலோ பந்தை மோதவிட்டு ஆடும் வேலை அங்கே நடக்காது. நம் பிள்ளைகள் செயற்கைப் புல்லில் ஆரம்பித்திருக்கிறார்கள். பரவாயில்லை, குமார்துலி பூங்காவில் மட்டும் என்ன பட்டுக்கம்பளமா விரித்திருந்தது?

ஃபுட்சாலுக்கு ஃபிஃபாவின் முதல் உலகப் போட்டி 1989-இல் நெதர்லாந்தில் நடந்தது. நம் நாட்டில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கழகங்களுக்கான முதல் ஃபுட்சால் போட்டியை 2021 நவம்பரில் டெல்லியில் நடத்தியது. டெல்லி எஃப்.சி. வென்றது. இறுதி ஆட்டத்தில் அதை எதிர்த்து ஆடியது எது தெரியுமா? 1891-இல் இதே கொல்கத்தாவில் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங். பழைய கழகமே புதிய ஆட்டத்துக்கு ஆள் அனுப்புகிறது. நாம் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

கதவு திறக்கக் காத்திருந்த ஆண்டுகள்

மீண்டும் கதைக்கு வருவோம். ஒரு கோப்பை வந்துவிட்டால் கழகம் நிலைத்துவிடாது. லீக்கில் இடம் வேண்டும். இந்தியக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ.-வின் அங்கீகாரம் வேண்டும். இடம் காலி இருந்தால்தானே கொடுப்பார்கள்? தாஜ்ஹாட் என்ற கிளப் விலகியதால் இரண்டாம் பிரிவில் ஒரு இடம் காலியானது. அந்த இடத்தில் 1921-இல் ஈஸ்ட் பெங்கால் நுழைந்தது.

1924-இல் இரண்டாம் பிரிவில் கேமரன் 'பி' அணியோடு சேர்ந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கேமரனின் 'ஏ' அணி ஏற்கெனவே மேலே இருந்ததால் 'பி' அணி மேலேற முடியாது. அப்படியானால் ஈஸ்ட் பெங்காலுக்குத்தானே வழி? அங்கேதான் ஒரு பூட்டு. முதல் பிரிவில் இந்தியர் அணி இரண்டுக்கு மேல் கூடாது என்பது அன்றைய விதி. மோகன் பாகானும் ஆரியனும் அந்த இரண்டு இடத்திலும் இருந்தன. வெள்ளையர் கிளப்புகள் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தும் நம்மவர்களே தடுத்தார்கள் என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இன்றும் டீக்கடையில் சொல்வார்கள். எப்படியோ விதி தளர்ந்தது. 1925-இல் முதல் பிரிவுக்குள் நுழைந்தார்கள்.

அந்த ஆண்டு மே 28 அன்று லீக்கில் மோகன் பாகானை முதன்முறையாகச் சந்தித்தார்கள். ஆட்டம் 1-0. வென்றது ஈஸ்ட் பெங்கால். கோல் போட்டவர் நேபாள் சக்ரவர்த்தி. உட்கார வைக்கப்பட்டவர்களின் கழகம் ஐந்தே ஆண்டில் அந்த ஊரின் பெரிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது.

ஆனால் வாழ்க்கை ஏறுமுகமாகவே இருக்குமா? வியாபாரத்தில் நமக்குத் தெரியாததா? 1928-இல் மறுபடி இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 1930-இல் மேலேறும் நிலையில் இருந்தபோது சட்டமறுப்பு இயக்கம் நாடெங்கும் பரவியது. லீக் பாதியில் நின்றது. மேலேற்றம் கிடையாது என்று ஆயிற்று. கழகத்தாரும் ரசிகர்களும் தீவட்டி ஏந்தி ஊர்வலமாகப் போனார்கள். அன்று ஏந்திய தீவட்டிதான் இன்று அந்தக் கழகத்தின் சின்னம். 1931 பருவத்துக்குப் பின் மீண்டும் முதல் பிரிவு. முதன்முறையாகக் கல்கத்தா லீக்கை வென்றது 1942-இல்.

1920-லிருந்து 1942 வரை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டு! ஆரம்பித்தபோது ஆடிய பையன்களுக்குத் தலை நரைத்திருக்கும். நாம் ஒரு விழா நடத்தினால் மறுநாளே "என்ன பலன்?" என்று கேட்கிறோம்.

கதவைத் திறந்து வைத்ததால் வந்த பெருமை

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 'நம்மவர் மட்டும்' என்று நான் கூட்டத்தில் சொன்னேன் அல்லவா? ஈஸ்ட் பெங்காலுக்கு அப்படிச் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட வலி இருக்கிறது. கிழக்கு வங்காளத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு விதி போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1949 முதல் 1953 வரை அந்தக் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை வங்காளிகள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடினார்கள். அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, தன்ராஜ். ஐவரும் தென்னாட்டவர்! தேசப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து அகதிகளாக வந்த லட்சக்கணக்கான கிழக்கு வங்காள மக்கள் தங்கள் துயரம் மறந்து கைதட்டியது இந்தத் தென்னாட்டுப் பிள்ளைகளுக்காக. 1949-இல் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. கேடயத்தை 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். 'வெளியூரான்' என்று ஒருவரை உட்கார வைத்ததால் பிறந்த கழகம், அதைவிடத் தூரத்து வெளியூரார் ஐவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தனக்கு நேர்ந்ததைப் பிறருக்குச் செய்யாமல் இருந்தது. அதனால்தான் அது ஒரு பேட்டைக் கிளப்பாக முடங்காமல் வளர்ந்தது. இதைப் படித்த அன்று இரவு, நான் கூட்டத்தில் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பிக் கேட்டது. 'ஊரார் பிள்ளைக்கு நாம் ஏன்?' அந்த ஊரார் 1949-இல் நம்மைப் பார்த்து அப்படிக் கேட்கவில்லையே!

ஒரு எச்சரிக்கை

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. நான் மாமாவின் கடைக்கு இந்த ஊருக்கு வந்த மறு ஆண்டு, 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் ஆடினார்கள். களத்தில் ஆட்டக்காரர்களுக்குள் மோதல், பார்வையாளர் பகுதியில் கலவரம், நெரிசல். 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். மறுநாள் எங்கள் கடைத்தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. பந்து பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் எந்தத் தாய் தாங்குவாள்? அன்று முதல் வெகு நாள் எனக்குப் பந்தாட்டம் என்றாலே ஒரு கசப்பு. கூட்டத்தில் நான் முகம் சுளித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

கழகப் பற்று வேறு, கழக வெறி வேறு. அடிக்கக் கூடாது என்பதோடு அகிம்சை முடிந்துவிடாது. எதிரணிப் பிள்ளையையும் நம் வீட்டுப் பிள்ளையாக நினைப்பதும் அகிம்சைதான். இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டால் பிள்ளைகள் தாங்களாகவே எதையாவது கற்றுக்கொள்வார்கள். அது எதுவாக இருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இன்னொன்று. மீன் விஷயம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பாகான் வென்றால் இறால் என்று சந்தையில் விலை ஏறும் என்பார்கள். அந்தச் சந்தைப் பக்கம் நமக்கு வேலை இல்லை. நம் பிள்ளைகள் வென்றால் கேசரி போதும்.

நாம் செய்யக்கூடியது

படித்ததைப் படித்ததாக விடாமல் சில யோசனைகளை வைக்கிறேன்.

கழகத்தை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். மேற்கு வங்கச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1961-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கம், விதிகள், நிர்வாகிகள் எல்லாம் எழுத்தில் இருக்கும். வாய்வார்த்தையில் ஓடும் கிளப் ஒரு சண்டையில் உடைந்துவிடும்.

வரவு செலவை மாதாமாதம் எழுதி எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். கடைக்கணக்கு எழுதிப் பழகியவர்கள் நம்மில் பலர் உண்டு. இதில் நாம் உதவலாம். மைதான வாடகை, பந்து, சீருடை, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் ரசீது இருக்க வேண்டும்.

யாரை ஆட விடுவது, யாரை நிறுத்துவது என்பதைப் பயிற்சிக்கு வந்த நாளையும் திறமையையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். நிறுத்தப்பட்ட பிள்ளைக்குக் காரணத்தை நேரில் சொல்ல வேண்டும். 1920 ஜூலை 28 நமக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு அணி வேண்டும். சிலப்பதிகாரத்தில் கந்துக வரி என்று பெண்கள் பந்தாடிப் பாடும் பகுதியே இருக்கிறது. ஆகவே நம் மரபுக்கு இது புதிதல்ல. இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், 2024-25 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்றது இதே ஈஸ்ட் பெங்கால்தான்.

கடைசியாக, எந்த மொழிப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர் கொண்ட கழகத்தில் வங்காளிப் பிள்ளையும் பீகாரிப் பிள்ளையும் மார்வாடிப் பிள்ளையும் ஆடட்டும். ஆடுகளத்தில் 'பாஸ்' கேட்கும்போது நாலு தமிழ் வார்த்தை அவர்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கும் நாலு நண்பர்கள் கிடைப்பார்கள். சங்கத்துக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில்.

அடுத்த செயற்குழுவில் பிள்ளைகளின் கோரிக்கை மறுபடி வருகிறது. சென்ற முறை எதிர்த்துக் கை தூக்கியவன் இம்முறை ஆதரித்துத் தூக்குவேன். முதல் செட் சீருடைச் செலவையும் நானே ஏற்கிறேன். 80 ரூபாய்க்குள் முடியாது என்று தெரியும். பரவாயில்லை. நிறத்தை மட்டும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நூறு ஆண்டு மாறாமல் இருக்க வேண்டிய நிறம் அல்லவா, நம்மைப் போன்ற கிழவர்களிடம் கேட்டால் சரிப்பட்டு வராது.